ஏலமலையின் உயிர்களுக்குப் போக்கிடம்

தட்பவெப்பம் மாறியதால் பழைய வாழிடத்தில் இனிப் பிழைக்க முடியாத ஓர் உயிரினத்தை, அது தானாகச் சென்றடைய முடியாத வேறோர் ஏற்ற இடத்துக்கு மனிதரே கொண்டுபோய்ச் சேர்ப்பது உதவிக் குடியேற்றம் எனப்படுகிறது. ஓர் இனம் முன்பு வாழ்ந்து அழிந்துபோன இடத்திலேயே அதை மீண்டும் விடுவது மறுகுடியேற்றம். உதவிக் குடியேற்றத்தில் உயிரினம் தன் வரலாற்றில் கண்டிராத மண்ணுக்குப் போகிறது. சரணாலயத்தின் எல்லைக்கோடு நிலையாக நிற்க, அதனுள் இருக்கும் தட்பவெப்பம் நகர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை ராபர்ட் பீட்டர்ஸ், ஜோன் டார்லிங் ஆகிய இருவரும் 1985-இலேயே எழுப்பினார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில்தான் இந்த முறைக்குத் தெளிவான வரையறையும் நிபந்தனைகளும் கிடைத்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாகப் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும் ஏலமலையும் சேர்ந்த பகுதியில், இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக நிற்கிறது.

ஏலமலையிலுள்ள சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கும் ஆனக்கரைக்கும் அருகே அமைந்த ஊராட்சி. ஏலமும் மிளகும் அதன் வாழ்வாதாரம். ஊர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கு விளிம்பில் நின்றால் சுமார் 400 மீட்டர் உயரத்தில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு கண்ணுக்கு நேர் கீழே தெரியும். அங்கிருந்து காலையில் ஜீப்புகளில் மலைப்பாதை ஏறிக் காய் எடுக்க வரும் தொழிலாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் 600 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார்கள். மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. எனவே அவர்கள் கடக்கும் வேறுபாடு 3 முதல் 4 டிகிரி. சமவெளியில் அதே அளவு குளிர்ச்சியைத் தேடி வடக்கு நோக்கிப் போவதானால் பல நூறு கிலோமீட்டர் பயணப்பட வேண்டும்.

மலைவாழ் உயிர்களுக்கு இது பெரிய வரம். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் 160, 170 மீட்டர் மேலே ஏறினால் பழைய குளிர்ச்சி கிடைத்துவிடும். உலகெங்கும் அப்படி ஏறத் தொடங்கிவிட்டன. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வொன்று, உயிரினங்கள் சராசரியாகப் பத்தாண்டுக்கு 11 மீட்டர் உயரம் ஏறுவதாகவும், துருவங்களை நோக்கிப் பத்தாண்டுக்கு 16.9 கிலோமீட்டர் நகர்வதாகவும் கணக்கிட்டது. ஆனால் மலைக்கு உச்சி உண்டு. அதற்குமேல் ஏற இடமில்லை. பெரு நாட்டின் பன்டியகோல்யா மலைமுகட்டில் 1985-இல் கணக்கெடுத்த பறவைகளை 2017-இல் மறுபடி தேடியபோது, உச்சியில் மட்டும் வாழ்ந்த சில இனங்களைக் காணவே இல்லை.

ஏலமலையில் மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் விவசாயிகள். பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏல ஆராய்ச்சி நிலையமும், மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏல ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. 1978 முதல் 2007 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஒரு கட்டுரை, ஏலமலையில் வெப்பநிலை உயர்ந்திருப்பதையும் மழையின் போக்கு மாறியிருப்பதையும் காட்டியது. 2024 கோடையில் மாவட்டம் முழுவதும் ஏலத்தோட்டங்கள் பரவலாகக் கருகின. நிழல் போதாத தோட்டங்களில் செடிகளுக்கு மேலே பச்சை வலை கட்டுவது இன்று பழகிப்போன காட்சி. ஏலச்செடி மழைக்காட்டின் தரையடுக்கில் வளரும் தாவரம். அதன் பூச்சரம் தண்டின் அடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டியே படரும். வெள்ளைப் பூவின் இதழில் ஊதா வரிகள் இருக்கும். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தச் சரத்துக்கு வேண்டிய ஈரமும் இருளும் குறைந்த நிலத்தில், பூ பூத்தும் காய் நிற்பதில்லை.

ஏலமும் மனிதர் கைவழியாக நெடுந்தொலைவு போன செடிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாத்தமாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே செழித்து, இன்று உலகச் சந்தையில் இந்திய ஏலத்துக்குப் போட்டியாக நிற்கிறது. ஆகவே ஒரு தாவரத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோவது முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. பயிருக்கு உரமும் நீரும் காவலும் மனிதர் தருகிறார்கள். அவை எதுவுமின்றித் தன்னந்தனியாக வாழவேண்டிய காட்டுயிரைக் கொண்டுபோகலாமா என்பதே இன்றுள்ள கேள்வி.

கணவாய்கள் வகுத்த எல்லைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிர்கள் இடம்பெயர்வது புதிதல்ல. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்து 1993-இல் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, கடந்த 20,000 ஆண்டுகளில் புல்வெளியும் சோலைக்காடும் மாறிமாறி விரிந்தும் சுருங்கியும் வந்ததைக் காட்டியது. வறண்ட பனியுகக் காலத்தில் புல் பரவியது; மழை மிகுந்த காலத்தில் மரங்கள் மீண்டன. யாரும் தூக்கிச் செல்லாமலேயே உயிர்கள் மேலேறின, கீழிறங்கின.

அவற்றால் கடக்க முடியாத இடங்களும் இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம் கொண்டது. அதன் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரமே. வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டரும் தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டரும் எழுந்து நிற்க, நடுவில் வெப்பமான தாழ்நிலம். குளிர்ந்த சோலையைவிட்டு வெளியே வராத சின்னஞ்சிறு பறவைக்கு அது கடல்போன்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபதுக்கு மேற்பட்ட மலைப்பறவை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஆழமும் அகலமும் மிக்க கணவாய்களே பறவைகளைக் கிளை கிளையாகப் பிரித்தன என்று நிறுவியது. நெடுந்தூரம் நடக்கும் யானைகூட இதற்கு விலக்கல்ல. நீலகிரி யானைகளும் ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருப்பதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிலப்பன் பறவைகள் இந்த வரலாற்றைத் தெளிவாகச் சொல்கின்றன. 2017-இல் இவற்றுக்கெனத் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அதில் நான்கு இனங்கள்: வயநாட்டின் சில சிகரங்களில் மட்டும் பாணாசுர சிலப்பன், நீலகிரியில் நீலகிரிச் சிலப்பன், பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடைப்பட்ட மலைகளில் பழனிச் சிலப்பன், செங்கோட்டைக்குத் தெற்கே அசம்புச் சிலப்பன். ஒவ்வொன்றும் தன் மலைத்தொகுதியை விட்டு நகர்வதில்லை.

இவற்றில் அசம்புச் சிலப்பனின் நிலை ஆழ்ந்து எண்ணத்தக்கது. அதன் மலைத்தொகுதியில் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரமே. பழனிச் சிலப்பனுக்கு ஆனைமுடி வரை ஏற அதைவிட 800 மீட்டருக்கு மேல் இடமிருக்கிறது. வெப்பம் கூடக் கூட முதலில் இடம் தீர்ந்துபோவது தெற்கத்திப் பறவைக்குத்தான். உதவிக் குடியேற்றத்தின் தர்க்கத்தை அப்படியே பின்பற்றினால், அசம்புச் சிலப்பனைப் பிடித்து மூணாற்று உச்சிகளில் விடவேண்டும். ஆனால் அங்கே அதன் நெருங்கிய உறவான பழனிச் சிலப்பன் ஏற்கெனவே குடியிருக்கிறது. இரண்டும் ஒரே பழத்துக்கும் ஒரே புதருக்கும் போட்டியிடும். இணைசேர்ந்து கலப்பினமாகவும் கூடும். கணவாய் நெடுங்காலமாகப் பிரித்து வளர்த்த இரண்டு கிளைகள் சில தலைமுறைகளில் ஒன்றாகக் கரைந்துபோகலாம். ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாயைத் தாண்டிக் கொண்டுபோகும் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முன்னே போகக் கூடாது.

உச்சியில் சிக்கியவை

ஆனைமுடியைச் சுற்றிய இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் உச்சிப் புல்வெளிகளில் வாழும் செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்றை பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் உயிரியல் பெயரில் உள்ள சிறப்பு அடைமொழிக்கு ஒளிர்வது என்று பொருள். உடலெங்கும் சுரப்பிப் புடைப்புகள், குட்டைக் கால்கள், மரமேறும் உறவினங்களைப்போல் தாவாமல் புல்லின் அடியில் மெல்ல ஊரும். இது சேர்ந்த புதர்த்தவளைக் கூட்டத்தில் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித் தவளை வெளியே வரும். எனவே குளமோ ஓடையோ தேவையில்லை. முட்டை காயாத அளவுக்கு மண்ணிலும் காற்றிலும் இடைவிடாத ஈரம் தேவை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரத்திலேயே குடியிருக்கும் இதற்கு மேலே ஏற வேறு மலை இல்லை.

அப்படியானால் இமயமலைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்கத் தோன்றும். பகலின் நீளம், பருவமழையின் காலம், குளிர்கால உறைபனி, இரைப்பூச்சிகள் எல்லாமே அங்கே வேறு. தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோயின் கிருமி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. நோய்க்குறி இல்லாத தவளையும் கிருமியைச் சுமந்து போகலாம். உதவப்போன கை, புதிய மலையின் தவளைகளுக்குக் கொள்ளைநோயைக் கொண்டுபோய் விட்டுவரும் ஆபத்து உண்மையானது.

வரையாட்டின் கதை சற்று நம்பிக்கை தருவது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது இந்தத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. கேரளமும் தமிழ்நாடும் 2025-இல் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் பதிவாகின: கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. தட்பவெப்பக் கணிப்புகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று, இனிவரும் பத்தாண்டுகளில் இதன் வாழிடத்தில் 60 சதவீதம் வரை தகுதியிழக்கக்கூடும் என்றது. சின்னாறு, இரவிகுளம், பரம்பிக்குளம் ஆகியவை ஓரளவு நிலைத்து நிற்கும். பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர், களக்காடு முண்டந்துறைப் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்படும் என்பது அதன் கணிப்பு. நிலைக்கும் என்று சொல்லப்பட்ட இடங்களும் நிலைக்காது என்று சொல்லப்பட்ட இடங்களும் ஏலமலையின் இரு பக்கங்களில் கிடக்கின்றன. சக்குபள்ளத்திலிருந்து ஆனைமுடி வான்வழியில் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே தோட்டங்களும் சாலைகளும் ஊர்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. பாறைச் சரிவை விட்டு இறங்கத் தயங்கும் வரையாடு அவற்றைக் கடக்காது.

இந்தக் கணிப்பையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஓர் இனம் இன்று எங்கே இருக்கிறதோ அதுவே அதற்கு ஏற்ற தட்பவெப்பம் என்று எடுத்துக்கொண்டுதான் இத்தகைய மாதிரிகள் கணக்குப் போடுகின்றன. வரையாடு இன்று இருக்கும் இடங்கள், வேட்டைக்காரர்களும் தோட்டங்களும் விட்டுவைத்த இடங்களும்கூட. தெற்கே அகத்தியமலைப் பகுதியில் 1,000 மீட்டருக்குக் கீழான பாறைச் சரிவுகளிலும் அது வாழ்கிறது. வெப்பத்தை அது தாங்கும் அளவு மாதிரிகள் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2022-இல் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டம், அது முன்பு வாழ்ந்து மறைந்த இடங்களில் மறுபடி குடியேற்றுவதை நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. இது உதவிக் குடியேற்றத்துக்கு முந்தைய படி; ஆபத்து குறைந்த படியும்கூட. மண்ணும் புல்லும் அதற்குப் பழக்கமானவை.

பிற நாட்டு அனுபவங்கள்

உலகில் உண்மையாகச் செய்து பார்த்த முயற்சிகள் அதிகமில்லை. வட இங்கிலாந்தில் 1999, 2000 ஆண்டுகளில் இரண்டு வண்ணத்துப்பூச்சி இனங்கள் அவற்றின் எல்லைக்கு வடக்கே, பழைய கல்குவாரிகளில் விடப்பட்டன. இரண்டும் நிலைபெற்றுப் பெருகின. அமெரிக்காவின் புளோரிடாவில் அழிவின் விளிம்பில் நிற்கும் டொரேயா மரத்தின் கன்றுகளைத் தன்னார்வலர்கள் 2008-இல் வட கரோலினாவில் நட்டார்கள். அரசின் திட்டம் எதுவும் இல்லாமல் குடிமக்களே இதைச் செய்தது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மழை குறைந்து வற்றிவரும் சதுப்புகளில் வாழ்ந்த ஆமை இனத்தின் குஞ்சுகள் 2016-இல் தெற்கே, ஈரம் மிகுந்த இடங்களில் சோதனையாக விடப்பட்டன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வணிகக் காடுகளில் மேற்கத்திய லார்ச் மரத்தை அதன் இயல்பான எல்லைக்கு வடக்கே நட 2010-இல் அனுமதி அளித்தது. அமெரிக்க அரசு 2023-இல் விதிகளைத் திருத்தி, அருகிவரும் இனங்களை அவற்றின் வரலாற்று எல்லைக்கு வெளியேயும் விட வழிசெய்தது.

வேறு நோக்கங்களுக்காக உயிர்களை இடம்மாற்றியதால் விளைந்த தோல்வியின் கணக்கு இதைவிட நீளமானது. நியூசிலாந்தில் 1904-இல் வேட்டைக்காக விடப்பட்ட இமயமலை வரையாடு அங்கே மலைத்தாவரங்களை மேய்ந்து தீர்த்தது. இன்றுவரை அந்நாட்டு அரசு அவற்றைச் சுட்டுக் குறைத்துவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பாடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் தைல மரமும் இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைத் தேவைக்காகப் புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டன. நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. நாற்பதாண்டு காலச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் அயல்மரங்களால் காணாமல்போனதாகக் கண்டது. பழனி மலையில் மட்டும் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இந்த மலைகளில் வரையாட்டுக்கு மேலேறும் இடத்தைக் குறைத்ததில் வெப்பத்தைவிட இந்த மரங்களின் பங்கே இதுவரை பெரிது. வட்டவடையில் மக்கள் கிராண்டிஸ் என்றழைக்கும் தைலமரத் தோப்புகளை அகற்றுவதும், சீகை அழிந்த சரிவுகளில் நாட்டுப் புற்களை மீட்பதும் இந்த மலைகளில் தட்பவெப்பத் தயாரிப்பின் முதல் வேலையாகிறது. உயிர்களைத் தூக்கிச் செல்வதற்கு முன், அவை நடந்துபோகக் கூடிய நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நிழல்மரங்களின் வழி

முதலில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நடுத்தர உயரத்து மழைக்காட்டுக்கு இன்னும் பொருந்தும். பெரியாறு, ஆனைமலைப் பகுதிகளில் 700 முதல் 1,400 மீட்டர் வரை வெடிப்பலா, நாங்கு, பாலி ஆகிய மரங்கள் மேலோங்கிய பசுமைமாறாக் காடு இயல்பாக வளரும். இந்தக் காட்டின் பல மரங்களின் விதைகள் பெரியவை, காற்று கொண்டுபோகாது. இருவாட்சியும் மலைப்புறாவும் புனுகுப்பூனையும் குரங்கும் விழுங்கியோ கடித்துப் போட்டோதான் அவை பரவுகின்றன. பறவை உட்கார ஒரு கிளை இல்லாத நிலத்தில் விதை விழாது.

திருவிதாங்கூர் அரசு 1897-இல் ஏலமலைக் காப்புநிலத்தை அறிவித்தபோதே, ஏலம் காட்டு மரங்களின் நிழலில் வளரும் பயிர் என்பதால் மரம் நிற்கும், பயிரும் விளையும் என்ற புரிதல் இருந்தது. 1990-களில் ஞள்ளானி என்னும் அதிக விளைச்சல் தரும் ரகம் பரவியது. அது கூடுதல் வெயிலைத் தாங்கும், உரத்துக்கும் நீருக்கும் நன்றாக ஈடு கொடுக்கும். மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து கடுமையானது. பல தோட்டங்களில் நாட்டுமரங்கள் போய் விரைவில் வளரும் சில இனங்கள் மட்டும் மிஞ்சின. அன்று விளைச்சலுக்காக விட்ட நிழலைத்தான் இன்று வலைகட்டி ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த நிழல்மரங்கள் வெறும் குடைகள் அல்ல. பெரியாற்றுக் காட்டுக்கும் மூணாற்று உயரங்களுக்கும் இடையே பறவை, விதை, பூச்சி நகரக்கூடிய தொடர் அவைதான். ஒவ்வொரு தோட்டத்திலும் பலவகை நாட்டுமரங்கள் நின்றால், கீழ்ச்சரிவின் மரம் தலைமுறைக்குத் தலைமுறை சற்றே மேலே முளைத்து, யாருடைய அனுமதியும் இல்லாமல் இடம்பெயரும். ஆனைமலையில் வால்பாறையைச் சுற்றி இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து தேயிலை, காப்பித் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத்துண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட நாட்டு மரவகைகளை நட்டு மீட்டுவருகிறார்கள். ஏலமலைக்கு நேரடியாகப் பொருந்தும் முன்மாதிரி இதுவே.

இங்கே உதவிக் குடியேற்றத்தின் மிகச்சிறிய, மிகப் பாதுகாப்பான வடிவம் ஒன்றுக்கும் இடமுண்டு. நாற்றங்காலுக்கு விதை எடுக்கும்போது அருகிலுள்ள மரத்தில் மட்டும் எடுக்காமல், அதே மலைத்தொகுதியில் 200, 300 மீட்டர் தாழ்வான, சற்றே வெப்பமான சரிவில் நிற்கும் அதே இனத்து மரங்களிலிருந்தும் ஒரு பங்கு எடுத்து நடலாம். வெப்பம் பழகிய மரபணு மேலே வந்து சேரும். இனம் புதிதல்ல, கணவாய் எதுவும் கடக்கப்படவில்லை. ஒரு பங்கு நாற்று தோற்றாலும் மறு பங்கு நிற்கும்.

விலங்குகளுக்கு வழி அவ்வளவு எளிதல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, முதல் பட்டியலிலுள்ள விலங்கை அறிவியல் மேலாண்மைக்காக வேறிடம் மாற்ற ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் மாநில எல்லை குறுக்கே நிற்கும். குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு மாற்ற உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது, சிங்கங்கள் போகவில்லை. 2022 செப்டம்பரில் அதே கூனோவுக்கு ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. வரையாட்டின் வாழிடத்தில் பெரும்பகுதி கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. மேகமலையின் பாறைச் சரிவில் மேயும் மந்தை மாலைக்குள் பெரியாற்றுப் பக்கம் இறங்கிவிடக்கூடும். ஒரு மாநிலம் தன் பக்கத்தில் மட்டும் மந்தையை மாற்றி வைத்தால் மறுபக்கத்துக் கணக்கு கெடும். 2025-இல் இரு மாநில வனத்துறைகளும் ஒரே நாள்களில், ஒரே முறையில் எண்ணியது இதற்குத் தேவையான முதல் கருவியைத் தந்திருக்கிறது. அடுத்து வேண்டியது, எந்தச் சரிவில் எத்தனை ஆடுகள் குறைந்தால் எங்கிருந்து எங்கே மாற்றுவது, எந்த நிலையில் கைவைக்காமல் விடுவது என்று இரு மாநிலங்களும் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட ஒரு திட்டம். ஒரு மந்தை ஐந்தாறு ஆடுகளாகச் சுருங்கிய பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால், பிடித்துக் கொண்டுபோகப் போதுமான ஆடுகளே மிஞ்சியிருக்காது.